காற்றுக்குக் கள்ளவழி விடாதீர்கள்: சிறுவிமான எஞ்சினில் பேஃபிள் பொருத்தும் முறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், லைக்காமிங் நிறுவனத்தின் ஓ-320 வகை எஞ்சின் ஒன்று இரும்புச் சட்டத்தின்மேல் நிற்கிறது. பறக்கும் தகுதியை அது இழந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டுக் கைப்பழக்கம் தேடி மலையேறி வரும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஆசிரியரை நான் காட்ட முடியாது. நீலகிரியில் விமான நிலையம் இல்லை. ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் உண்டு, அவ்வளவுதான். ஆகவே இங்கே கற்றுக்கொள்வதை அவர்கள் சமவெளியில் விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கர்களில்தான் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி வருகிறவர்கள் அனைவரும் எளிதென்று நினைத்துத் தொடங்கி, பிறகு திணறுகிற ஒரு வேலையைப் பற்றியே இந்தக் கட்டுரை பேசுகிறது. எஞ்சினைச் சுற்றிக் காற்றுத் தடுப்புத் தகடுகளைப் பொருத்துவதுதான் அந்த வேலை. ஹேங்கரில் இவற்றைப் பேஃபிள் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் காற்றின் பாதையை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தகைய எஞ்சினில் சிலிண்டர்கள் இடப்புறம் இரண்டும் வலப்புறம் இரண்டுமாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி, புல்லட் மோட்டார் சைக்கிளில் நாம் பார்க்கும் அதே ஃபின்கள், அதாவது சூட்டை வெளியேற்றும் மெல்லிய இதழ்கள், நெருக்கமாக அமைந்திருக்கும். புரொப்பெல்லருக்குப் பின்னால் இருபுறமும் உள்ள இரண்டு வாய்களின் வழியாக, எஞ்சினை மூடியிருக்கும் உறையான கவுலிங்குக்குள் நுழையும் காற்று, நேராகப் பின்னோக்கிப் பாய்ந்து சிலிண்டர்களைத் தடவிச் செல்கிறது என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் காற்று எஞ்சினுக்கு மேலே ஓர் அறையில் தேங்கி அழுத்தம் பெற்று, ஃபின்களின் இடுக்குகள் வழியே மேலிருந்து கீழாக இறங்கி, கவுலிங்கின் அடிப்பக்கப் பின்வாயால் வெளியேறுகிறது. மேலே அழுத்தம் கூடியும் கீழே குறைந்தும் இருப்பதுதான் காற்றை ஓட வைக்கிறது. அந்த இரண்டு அறைகளையும் பிரிக்கும் சுவரே பேஃபிள். சுவரில் ஓட்டை விழுந்தால் காற்று ஃபின்களுக்குள் நுழையாமல் அந்த ஓட்டை வழியாகவே கீழே இறங்கிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போயிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பச்சை இலையை வாட்டும் நீண்ட தொட்டியில், கம்பி வலையின்மேல் இலையைப் பரப்பி, ஒரு முனையிலிருந்து மின்விசிறியால் வலைக்கு அடியில் காற்றைச் செலுத்துவார்கள். ஓரிடத்தில் இலை மெலிந்து கிடந்தால் காற்று முழுவதும் அங்கே கிளம்பிப் போய்விடும். மற்ற இடத்து இலை வாடாமலே கிடக்கும். அதனால்தான் டீ மேக்கர் தொட்டியின் ஓரமாக நடந்துகொண்டே கையால் இலையைச் சமன்படுத்துகிறார். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலையின் டீ மேக்கர் ஒருநாள் கொட்டகைக்கு வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதுவும் நம்ம வாட்டுத் தொட்டிதான், தலைகீழா வெச்சிருக்கீங்க” என்றார். அன்றிலிருந்து மாணவர்களுக்கு நான் வேறு உவமை சொல்வதில்லை.

சில எண்களையும் தெரிந்துகொள்வது நல்லது. கடல்மட்டத்தில் 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர்) வேகத்தில் பறக்கும்போது எதிர்க்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 165 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது, எழுதும் பேனா ஒன்றின் நீள அளவு தண்ணீர். வேகம் 70 நாட்டாகக் குறைந்தால் அது 80 மில்லிமீட்டராக, பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேலேறும் நேரத்தில் எஞ்சின் முழுவிசையில் உழைக்கிறது, விமானமோ மெதுவாகப் போகிறது. வெப்பம் மிக அதிகமாகப் பிறக்கும் அந்தப் பொழுதில்தான் குளிர்விக்கும் அழுத்தம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பழைய கார்கள் பர்லியாறில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதும் இதே காரணத்தால்தான். இவ்வளவு சிறிய அழுத்தத்தை நம்பி இயங்கும் ஏற்பாட்டில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையை விட்டுவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தொடங்குமுன்

சான்றளிக்கப்பட்ட விமானத்தில் பேஃபிள் என்பது நம் விருப்பத்துக்கு வெட்டி ஒட்டும் தகரம் அன்று. அந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டிலும் உதிரிபாகப் படப்புத்தகத்திலும் உள்ள பாகத்தையே, அதில் சொன்ன விதத்திலேயே பொருத்த வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். நீங்கள் உதவியாளராக வேலை செய்யும்போதும் கையேட்டின் அந்தப் பக்கம் உங்கள் கண்முன் திறந்திருக்கட்டும். கீழே நான் தரும் அளவுகள் வழக்கத்தில் உள்ளவை; உங்கள் விமானத்தின் கையேடு வேறு அளவைச் சொன்னால் கையேடே செல்லும்.

சிலிண்டர்களின் எண்களைப் பிழையின்றிப் பழகிக்கொள்ளுங்கள். விமானி இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் லைக்காமிங்கில் வலது முன்புறம் 1, இடது முன்புறம் 2, வலது பின்புறம் 3, இடது பின்புறம் 4. கான்டினென்டல் என்ற மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினில் எண்கள் பின்னாலிருந்து தொடங்கும்: வலது பின்புறம் 1, இடது பின்புறம் 2. “மூன்றாவது சூடாகிறது” என்று விமானி சொன்ன குறையைக் கேட்டுவிட்டு வேறொரு சிலிண்டரின் தகட்டைக் கழற்றிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேஃபிளுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கலவைத் தகடு பயன்படுகிறது. அதில் கோடு போட மென்முனைப் பேனாவையே பயன்படுத்துங்கள். எழுத்துப் பென்சிலின் கரி அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிப்பை உண்டாக்கும். மதியம் இரண்டு மணிக்கே மேகம் கொட்டகைக்குள் புகுந்துவிடும் எங்கள் ஊரில் இதை நான் இருமடங்கு வற்புறுத்துகிறேன். ஊசியால் கீறிக் குறிப்பதும் கூடாது. வளைக்கும்போது அந்தக் கீறலிலேயே தகடு விரியத் தொடங்கும். வெட்டிய விளிம்புகளையும் துளைகளின் ஓரங்களையும் அரத்தால் தேய்த்து மழுக்காமல் எந்தத் தகட்டையும் எஞ்சின்மேல் வைக்காதீர்கள். அதிர்வில் முதல் விரிசல் பிறப்பது கூர்மையான ஓரத்தில்தான். அதற்கு முன்பே உங்கள் விரலும் கிழிந்திருக்கும்.

அடியிலிருந்து தொடங்க வேண்டும்

பழைய பேஃபிள்கள் இருந்தால், கழற்றுவதற்கு முன்பு எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகையும் அதன் தகட்டோடு சேர்த்துப் பையில் கட்டி வையுங்கள். பழைய சிலிக்கோன் பசையை மரக்கத்தியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுத்துவிட்டு, ஃபின்களுக்கு இடையே அடைந்திருக்கும் எண்ணெய்ச் சேறு, பூச்சி, காய்ந்த புல் எல்லாவற்றையும் நீக்குங்கள். அழுக்கு அடைத்த ஃபின்னுக்குப் புதுப் பேஃபிள் கட்டுவதால் பயனில்லை.

முதலில் பொருத்த வேண்டியவை, ஒருபக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் நடுவே அடிப்புறமாக அமையும் சிறு தகடுகள். வெளியே தெரியாததால் இவற்றை அனைவரும் அலட்சியம் செய்கிறார்கள்; என் அனுபவத்தில் முழு வேலையிலும் மிக முக்கியமானவை இவைதான். மேலிருந்து இறங்கும் காற்று சிலிண்டரின் மேற்பாதியை மட்டும் தொட்டுவிட்டு, இரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் விழுந்து ஓடிவிடப் பார்க்கும். இந்தத் தகடுகள் அந்தக் காற்றைச் சிலிண்டரின் வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அடிப்பக்க ஃபின்கள் வரை சுற்றிவரச் செய்து, கடைசியில் ஒரு குறுகிய பிளவு வழியாக மட்டும் வெளியே விடுகின்றன. ஆகவே தகடு ஃபின்களின் நுனியைத் தொட்டபடி இறுக்கமாக உட்கார வேண்டும். கம்பியோ ஸ்பிரிங்கோ திருகுத் தண்டோ, எதனால் கட்டப்பட்டாலும், கையால் அசைத்துப் பார்த்தால் ஆடக் கூடாது. ஆடும் தகடு நாளடைவில் ஃபின்னையே அரம்போல் தேய்த்துவிடும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நான்கு சிலிண்டர் லைக்காமிங்கில் 2-ஆம் சிலிண்டரின் முன்முகத்திலும் 3-ஆம் சிலிண்டரின் பின்முகத்திலும் ஹெட்டின் (சிலிண்டரின் தலைப்பகுதியின்) ஃபின்கள் ஆழம் குறைந்தவை. அங்கே பேஃபிளைச் சுவர்போல் ஒட்டிவைத்தால், காற்று இறங்குவதற்கு வழியே இல்லாமல் போய்விடும். 3-ஆம் சிலிண்டர் மட்டும் எப்போதும் சூடாக இருக்கிறது என்ற புலம்பலுக்குப் பலமுறை இதுவே காரணம். வீட்டில் விமானம் கட்டுவோர், அந்த இடத்தில் சிலிண்டருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு வாஷர் வைத்துத் தகட்டைச் சற்றே விலக்கியோ, தகட்டிலேயே வெளிப்புறமாக ஒரு குழிவை எழுப்பியோ காற்றுக்கு வழி செய்கிறார்கள். சான்றளிக்கப்பட்ட விமானத்தில் இந்த மாற்றத்தையும் அனுமதி பெற்ற ஆவணம் இல்லாமல் செய்ய முடியாது.

அடித்தகடுகள் முடிந்த பிறகு பின்சுவர், அதன்பின் பக்கச்சுவர்கள், கடைசியில் முன்பக்கத் தகடுகள் என்ற வரிசையில் போங்கள். எல்லாத் திருகுகளையும் முதலில் தளர்வாகவே போட்டு, தகடுகள் ஒன்றோடொன்று இழுபறியின்றி உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். வலிந்து இழுத்துத் திருகிய தகட்டில் அந்த இழுவிசை தங்கியிருந்து, சில பத்து மணி நேரப் பறப்பிலேயே துளையோரத்தில் விரிசல் காட்டும். பழைய தகட்டில் சிறு விரிசல் தென்பட்டால், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் அதன் நுனியில் சிறு துளையிட்டு, மேலே ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிப்பது வழக்கம். ரிவெட்டின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது ரிவெட் விட்டத்தைப்போல் இருமடங்கு தள்ளி இருக்க வேண்டும்.

ஆயில் கூலர் பின்சுவரில் பொருத்தப்பட்டிருந்தால் அந்த இடத்தில் தகட்டுக்கு இரட்டைக் கனம் தேவைப்படும், ஏனெனில் கூலரின் எடையும் அதன் குழாய்களின் எடையும் சேர்ந்து அதிர்வில் அந்த மூலையைத்தான் முதலில் உடைக்கும்.

கவுலிங்கோடு சேரும் விளிம்பு

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் இருப்பதால் ஓடும்போது கவுலிங்குக்குள் நன்றாகவே ஆடும். நிறுத்தும் நேரத்தில் இன்னும் அதிகமாகக் குலுங்கும். அதனால் தகட்டின் மேல்விளிம்பு கவுலிங்கைத் தொடக் கூடாது. பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். மூடிய கவுலிங்குக்குள் கண் நுழையாது என்பதால், இந்த இடைவெளியை அளக்க ஓர் எளிய உபாயம் உண்டு. தகட்டின் விளிம்பு நெடுகிலும் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக, ஜெம் கிளிப்புகளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகுங்கள். மேல் கவுலிங்கை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு எடுத்தால், ஒவ்வொரு கிளிப்பும் தனக்குரிய இடத்தில் எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கும். கிளிப்புகளின் தலைகளை இணைத்துக் கோடு வரைந்தால் அதுவே கவுலிங்கின் உள்வளைவு. அதற்குக் கீழே வேண்டிய அளவு தள்ளி வெட்டுக்கோட்டைப் போடலாம். ஒரே தடவையில் முழுவதும் வெட்டிவிடாமல், கொஞ்சம் வெட்டி மறுபடி பொருத்திப் பார்ப்பதே நல்லது. புதிதாகத் தகடு செய்பவர்கள் தினசரிக் காலண்டரின் தடித்த அட்டையில் முதலில் மாதிரி வெட்டிப் பார்ப்பது மிகுந்த சிக்கனம். எங்கள் கொட்டகையில் முருகனும் பிள்ளையாரும் அச்சிட்ட அட்டைகள் பேஃபிள் வடிவில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

விட்ட இடைவெளியை மூடுவது, கண்ணாடியிழை வலை உள்ளே வைத்த சிலிக்கோன் ரப்பர்ப் பட்டை. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமும் 75 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பட்டையைத் தகட்டின் விளிம்பில் வைத்து, அதன்மேல் மெல்லிய அலுமினியச் சட்டம் கொடுத்து ரிவெட் அடிக்க வேண்டும். பட்டை எப்போதும் அழுத்தம் கூடிய அறையை நோக்கி வளைய வேண்டும். அதாவது பின்சுவரின் பட்டை முன்னோக்கியும், பக்கச்சுவரின் பட்டை எஞ்சினை நோக்கி உள்முகமாகவும் சாய வேண்டும். அப்போதுதான் மேலறையின் அழுத்தமே பட்டையைக் கவுலிங்கோடு ஒட்டி அழுத்தும். வெளிமுகமாகச் சாய்ந்தால் அதே அழுத்தம் பட்டையைத் திறந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. உதவியாளராக இருந்த காலத்தில், மழைநாளின் மாலை அவசரத்தில் மேல் கவுலிங்கை இறக்கியபோது இடது பின்மூலைப் பட்டை வெளிப்புறமாக மடிந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் மேலேறும்போது 4-ஆம் சிலிண்டரின் வெப்பமானி ஏறிக்கொண்டே போக, விமானி விசையைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்து இறங்கினார். கவுலிங்கைத் திறந்தால் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை மறுபக்கம் படுத்திருந்தது. அதன் பிறகு கவுலிங்கை மூடும்போதெல்லாம், காற்று வாய்களிலும் ஆயில் ஊற்றும் சிறு கதவிலும் கையை விட்டு, எட்டும் தூரம்வரை பட்டையை விரலால் தடவிப் பார்த்த பின்பே திருகைத் தொடுகிறேன்.

மூலைகளில் பட்டையை ஒரே நீளமாக மடித்துக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சுருக்கம் விழும், சுருக்கத்துக்குள் காற்று நுழையும். துண்டுகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அமைக்க வேண்டும். மிக அதிகமாக மறக்கப்படும் இடம் முன்பக்கம்: காற்று வாய்க்கு உட்புறத்தில் மேல் கவுலிங்கின் சரிவுத் தகடும் பேஃபிளின் முன்தகடும் சந்திக்கும் மூலை. அழுத்தம் மிகக் கூடிய இடம் அதுவாக இருந்தும், கண்ணுக்குத் தெரியாததால் ஓட்டை அங்கே ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

சிறு ஓட்டைகள்

தகடு எஞ்சின் உடலோடு சேரும் கோடு, தகடுகள் கூடும் மூலைகள், பற்றவைப்பு வயர்கள் நுழையும் துளைகள், ஆயில் கூலரின் ஓரம் ஆகிய இடங்களில் எஞ்சும் சிறு இடுக்குகளை உயர்வெப்ப சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. எங்கள் மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை என்றாலும் குளிர் அதைத் தாமதப்படுத்தும். ஆகவே ஒருநாள் முழுவதும் தொடாமல் விட்டுவிடுங்கள். காடி வாசனை வீசும் வகை, இறுகும்போது அமிலத்தை வெளிவிடுவதால், மின் இணைப்புகளின் அருகே அந்த வகையைத் தவிர்க்க வேண்டும். எந்த வகையானாலும் பசை ஃபின்களுக்குள் வழியக் கூடாது. பற்றவைப்புக்கு மின்சாரம் தரும் மேக்னிட்டோவைக் குளிர்விப்பதற்காகப் பின்சுவரில் வேண்டுமென்றே வைத்த சிறு குழாயைக்கூட ஆர்வக் கோளாறில் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. எந்தத் துளை வேண்டியது, எது வேண்டாதது என்பதைப் படப்புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிறகு விளக்குச் சோதனை. இருட்டிய பின், அல்லது ஹேங்கரின் கதவை மூடிக்கொண்டு, கவுலிங்கை முழுவதும் பொருத்தி, அடிப்பக்கப் பின்வாய் வழியே வலுவான டார்ச் ஒன்றை உள்ளே விட்டு எரியவிடுங்கள். முன்வாய்களிலும் ஆயில் கதவிலும் கண்ணை வைத்துப் பார்த்தால், ஃபின்களின் இடுக்குகளில் மெல்லிய கீற்றுகளாக வெளிச்சம் தெரிய வேண்டும். வேறெங்கு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே காற்றும் போகும். ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு அடையுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் தங்கள் முதல் பேஃபிளை முடித்துவிட்ட பெருமையோடு டார்ச்சைப் போடும்போது தெரியும் வெளிச்சம், கார்த்திகை விளக்கீட்டுக்குக் குறையாது.

ஓட்டிப் பார்த்தல்

கடைசித் திருகு முடிந்ததும் கருவிகளை எண்ணுங்கள். ஜெம் கிளிப்புகளையும் எண்ணுங்கள். எஞ்சினைத் தரையில் ஓட்டும்போது கவுலிங் பூட்டப்பட்டிருக்க வேண்டும், விமானத்தின் மூக்கு காற்றை எதிர்நோக்கியிருக்க வேண்டும், ஓட்டம் சுருக்கமாக முடிய வேண்டும். “கவுலிங்கைக் கழற்றிவிட்டால் காற்று நன்றாகப் படுமே, சார்?” என்று கேட்காத மாணவர் இல்லை. மேலறை என்று ஒன்று இல்லாதபோது அழுத்தமும் இல்லை, ஃபின்களுக்குள் காற்றை இறக்குவதற்கு எதுவும் இல்லை. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் எஞ்சினைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றிவிட்டு ஓட்டியவர்களுக்கு இதன் விளைவு தெரிந்திருக்கும்.

மலைக்குளிரில் செய்த தரையோட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான்; மார்கழிக் குளிர் அதை மறைத்துவிடும். உண்மையான சோதனை, சமவெளியின் சித்திரை வெயிலில் முழுவிசையில் மேலேறும்போது நடக்கிறது. அந்தப் பறப்பைத் தகுதியுள்ள விமானிதான் செய்வார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு சிலிண்டர்களின் ஹெட் வெப்ப அளவுகள். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் உணரி இருந்தால் மற்ற மூன்றின் நிலை தெரியாது. பெரும்பாலான லைக்காமிங் எஞ்சின்களுக்கு மேல் எல்லை 500 டிகிரி பாரன்ஹீட், அதாவது 260 டிகிரி செல்சியஸ். ஆனால் சிலிண்டர் நீண்டகாலம் உழைக்க வேண்டுமானால் நிலையான பறப்பில் 400 பாரன்ஹீட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 204 செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கான்டினென்டல் எஞ்சின்கள் பலவற்றுக்கு எல்லை 460 பாரன்ஹீட், 238 செல்சியஸ்.

ஒரு சிலிண்டர் மட்டும் சூடாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள தகட்டையும் பட்டையையும் முதலில் பாருங்கள். அங்கே குறையில்லை என்றால் உணரியை அடுத்த சிலிண்டரோடு மாற்றிப் பாருங்கள். சூடு உணரியோடு நகர்ந்தால் குறை உணரியில்தான். அதுவும் இல்லையென்றால், உள்ளிழுக்கும் குழாயில் காற்றுக் கசிவால் கலவை மெலிந்திருக்கிறதா, பற்றவைப்பு நேரம் முந்தியிருக்கிறதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் பேஃபிளின்மேல் போட்டுவிட முடியாது.

முதல் சில மணி நேரப் பறப்புக்குப் பிறகு கவுலிங்கைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். ரப்பர்ப் பட்டை உராய்ந்த கருந்தடம், அறுபடாத ஒரே கோடாக ஓடியிருக்க வேண்டும். தடம் அறுபட்ட இடத்தில் பட்டை கவுலிங்கைத் தொடவில்லை. வண்ணம் தேய்ந்து உலோகமோ இழையோ தெரியும் இடத்தில் தகடு தொடுகிறது, அங்கே இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். வயர்களும் குழாய்களும் தகட்டின் விளிம்பில் உராயாமல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இனி விமானத்தை நிறுத்தி வைக்கும் நாட்களில் காற்று வாய்களுக்கு அடைப்பான் போட்டு வையுங்கள், ஏனென்றால் பேஃபிள்களுக்கு மேலே உள்ள அந்த அறை மைனா கூடு கட்டுவதற்கு மிகத் தோதான இடம், ஒரே காலைப்பொழுதில் அது கைநிறையப் புல்லைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அடைப்பானில் புரொப்பெல்லர்வரை தொங்கும் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிடுங்கள்.